உப்பில்லாத சனிக்கிழமை

டெக்சஸ் மாநிலத்துச் சுகர் லேண்டில் ஒரு முதியோர் இல்லத்தில் அபயாம்பாளுக்கு வேலை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மாத்திரையை விழுங்கினார்களா என்று வாயைத் திறந்து பார்ப்பது. ஆறு வாரம் படித்து, பரீட்சை எழுதித்தான் சேர்ந்தாள். தினமும் காலையில் அங்கே உள்ள ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி கேட்பாள்: உங்கள் பெயர் என்ன, நாம் எங்கே இருக்கிறோம், இன்று என்ன கிழமை. மூன்றுக்கும் சரியான பதில் வந்தால் அன்றைக்குக் கவலையில்லை.

இந்தக் கேள்விகள் வீட்டில் செல்லாது. அவள் கணவர் பிச்சுமணி எதற்கும் நேராகப் பதில் சொல்கிறவர் இல்லை. காப்பி வேண்டுமா என்றால், "வேண்டாம்னா குடுக்கமாட்டியா?" என்பார். எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். 2002-இல் அவர் ஆபீஸில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். தன் வேலை தப்பினால் சனிக்கிழமைகளில் உப்பு சேர்ப்பதில்லை என்று ஒப்பிலியப்பனுக்கு வேண்டிக்கொண்டார். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பெருமாளுக்குப் படைக்கிற தளிகையிலேயே உப்பு கிடையாது. வேலை தப்பியது. அன்றிலிருந்து சனிக்கிழமை என்றால் அவருக்குத் தனிச் சமையல்.

2008 ஜூன் மாதம், மகள் அதிதி காலேஜுக்குப் போவதற்குமுன் மூவரும் காரில் மேற்கு டெக்சஸுக்குப் போனார்கள். பாலைவனத்தின் நடுவே செங்குத்தாக ஒரு மலை. உச்சிக்கு நாலு மைல், மூவாயிரம் அடி ஏற்றம். பிச்சுமணி வெயிலில் மலையேறுவது பற்றி எட்டுப் பக்கம் பிரிண்ட் எடுத்து, மஞ்சள் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார். ஐந்தரை மணிக்கே கிளம்பினார்கள். அகலத் தொப்பி, முழுக்கைச் சட்டை, ஆளுக்கு ஆறு லிட்டர் தண்ணீர். எங்கே இருந்தாலும் பத்தரை மணிக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது ஒப்பந்தம்.

"தாகம் எடுத்தப்பறம் குடிச்சா லேட்டுடி அபயம்" என்று சொல்லி, பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அடிக்கும்படி கைக்கடிகாரத்தில் அலாரம் வைத்தார். அது கூவும்போதெல்லாம் நின்று மடக் மடக்கென்று குடித்தார். அபயாம்பாளும் அதிதியும் வாய் உலர்ந்தபோது மட்டும் குடித்தார்கள். நடுவில் சிப்ஸ் கொறித்தார்கள், உப்பு நார்த்தங்காயைத் தொட்டுக்கொண்டு தயிர் சாதம் சாப்பிட்டார்கள். அவருக்கு உப்பில்லாத தயிர் சாதம், இரண்டு வாழைப்பழம்.

மூன்றாவது மைலில் அவர் பின்தங்கினார். மணி ஒன்பதே முக்கால். பாறையெல்லாம் அடுப்பு போலக் காய ஆரம்பித்திருந்தது.

"ஏன்னா, என்ன பண்றது?"

"தலையை வலிக்கறது. உனக்கு வலிக்கலையா?"

கடிகாரம் கூவியது. குடித்தார். ஐந்து அடி நடந்து, குடித்த தண்ணீரை அப்படியே வாந்தி எடுத்தார்.

வெயில் தாக்கிவிட்டது என்று அபயாம்பாள் நினைத்தாள். பாறை நிழலில் உட்கார வைத்துக் கழுத்தில் கையை வைத்துப் பார்த்தாள். கொதிக்கவில்லை. வேர்வை இருந்தது, தோலும் குளிர்ந்துதான் இருந்தது. காலையிலிருந்து ஆறு தரம் ஒதுங்கிவிட்டு வந்திருந்தார், அதனால் நீர் வற்றியும் இருக்க முடியாது. அவருடைய பையைத் திறந்து பார்த்தாள். ஐந்து லிட்டர் காலி. எல்லாவற்றையும் எழுதியிருந்தபடியே செய்த மனிதர் விழுந்து கிடக்கிறார், பாதியைக் காற்றில் விட்ட நானும் மகளும் நிற்கிறோம் என்றால் என்ன கணக்கு இது?

"நாம எங்க இருக்கோம், சொல்லுங்கோ."

"நீதானே அழைச்சுண்டு வந்தே. உனக்கே தெரியலையா?"

இது குழப்பமா, வழக்கமான பேச்சா? இருபது வருஷம் குடித்தனம் நடத்தியும் அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"இன்னிக்கி என்ன கிழமை?"

"சனிக்கிழமை. உப்பு கிடையாது." டாணென்று வந்தது பதில்.

சரியாகத்தான் இருக்கிறார் என்று அவள் மூச்சு விடுவதற்குள் எழுந்து மலைமேல் நடக்கத் தொடங்கினார். "கார் சாவி எங்கடி? பார்க்கிங் லாட் இங்கதானே இருந்துது?" கார் மூன்று மைல் கீழே நின்றது. அபயாம்பாள் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"அம்மா, ஹி நீட்ஸ் வாட்டர்!" அதிதி பாட்டிலைத் திறந்து வாயில் வைத்தாள். அரை பாட்டில் உள்ளே போயிற்று. ஐந்து நிமிஷத்தில் மறுபடி வாந்தி. இப்போது நாக்கு குழறியது. பாட்டிலைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் உப்பி, மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது.

வெயிலில் கிடக்கிற மனிதருக்குத் தண்ணீர் கொடுக்கக் கொடுக்க ஏன் மோசமாகிறது? உப்பு கிடையாது என்று அவர் சொன்னதையே அவள் மறுபடி நினைத்துப் பார்த்தாள். இல்லத்தில் போன வருஷம் ஒரு கிழவி, உடம்புக்கு நல்லது என்று குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டு, செத்துப்போன தன் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தாள். ரத்தத்தில் உப்பு இறங்கிவிட்டது என்று சொல்லி, நர்ஸ் முதலில் பிடுங்கியது தண்ணீர்க் குவளையை.

நாலு மணி நேரத்து வேர்வையில் இவருக்கும் உப்பு போயிருக்கிறது. உள்ளே போனது வெறும் தண்ணீர்.

அபயாம்பாள் பாட்டிலைப் பிடுங்கினாள். "இனிமே ஒரு சொட்டு குடுக்கக்கூடாது."

"ஆர் யூ கிரேஸி? இட்ஸ் எ டெசர்ட்!"

"தெரியும்டி. அந்த வளைவுல சிக்னல் வந்துது இல்ல? போய் 911 கூப்பிடு. ஃபுல்லா தண்ணி குடிச்சிருக்கார், உப்பே சாப்பிடல, புத்தி தடுமாறறதுன்னு சொல்லு."

அதிதி அழுதுகொண்டே ஓடினாள்.  அபயாம்பாள் அவர் கழுத்தை மறுபடி தொட்டுப் பார்த்தாள். தன் நினைப்பு தப்பென்றால், பாலைவனத்தில் புருஷனுக்குத் தண்ணீர் கொடுக்காமல் கொன்றவள் ஆவாள். சரியென்றால், இன்னொரு பாட்டில் அவரைக் கொன்றுவிடும். கேட்பதற்கு ஆள் இல்லை.

எச்சிலை விழுங்கச் சொன்னாள். விழுங்கினார். தொண்டை வேலை செய்கிறது. டப்பாவிலிருந்து நார்த்தங்காய்த் துண்டு ஒன்றைக் கிள்ளி நீட்டினாள். அவர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

"சனிக்கிழமைடி."

"இன்னிக்கி ஞாயித்துக்கிழமைன்னா."

"உளறாதே." கடிகாரத்தைப் பார்க்கக் கையைத் தூக்கினார். அதில் கிழமையும் தெரியும். அதற்குள் அவள் அதைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டாள். "நேத்திக்கே சனிக்கிழமை முடிஞ்சாச்சு. மோட்டல்ல உப்பில்லாத உப்புமா சாப்ட்டேளே, மறந்துட்டேளா?"

அவர் அவளையே பார்த்தார். காப்பிக்கு வாதாடுகிற மனிதர் இதற்கு வாதாடவில்லை. குழந்தை மாதிரித் தலையாட்டினார். "ஆமா, உப்புமா" என்றார். அப்படி ஒரு உப்புமாவே கிடையாது. 

துண்டு துண்டாக ஆறு துண்டு ஊட்டினாள். ஒவ்வொன்றையும் விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது. தண்ணீர் கேட்டார், கொடுக்கவில்லை. திட்டினார், காதில் போட்டுக்கொள்ளவில்லை. நிழல் நகர நகர அவரையும் நகர்த்தினாள். தானே இறக்கிக் கூட்டிப் போகலாமா என்று இரண்டு தரம் எழுந்து, அவர் கால் தள்ளாடுவதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். பன்னிரண்டு மணிக்கு மேல் பூங்கா ஊழியர்கள் நாலு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஏறி வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் உப்பு நூற்று இருபத்துமூன்று என்று சொன்னார்கள். நூற்று முப்பத்தைந்தாவது இருக்க வேண்டுமாம். இன்னும் கொஞ்சம் தண்ணீர் போயிருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்றார் டாக்டர். நார்த்தங்காய் பெரிதாக எதையும் ஏற்றியிருக்காது, தண்ணீரை நிறுத்தியதுதான் காப்பாற்றியது என்றும் சொன்னார். அபயாம்பாள் அதை இரண்டு தரம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

திங்கட்கிழமை காலை பிச்சுமணி தெளிவாகக் கண் விழித்தார். மலையில் நடந்தது ஒன்றும் அவருக்கு ஞாபகமில்லை. அவள் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"சனிக்கிழமையா உப்பைக் குடுத்தே?"

"ஆமா."

"ஞாயித்துக்கிழமைன்னு பொய் சொன்னியா?"

"சொன்னேன்."

"நான் நம்பிட்டேனா?"

"உடனே நம்பினேள்."

வேண்டுதல் போனதைவிட இதுதான் அவரை உலுக்கிவிட்டது.  "இன்னிக்கி என்ன கிழமை?" என்றார். திங்கள் என்றாள். அவளைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, கட்டில் ஓரத்து மணியை அழுத்தினார். நர்ஸ் வந்தாள். அவளிடமும் அதையே கேட்டார்.

நர்ஸ் பதிலைச் சொல்லிவிட்டு, முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு நோட்டில் ஏதோ எழுதினாள். பிறகு அவர் பக்கம் குனிந்து, உங்கள் பெயர் என்ன, நாம் இப்போது எங்கே இருக்கிறோம் என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஏன், உனக்குத் தெரியாதா?" என்றார் பிச்சுமணி ஆங்கிலத்தில்.