ஈயம் இறுகும் வரை

இன்று கைப்பேசி பழுது பார்க்கும் கடையில் ஈயப்புகை மூக்கில் ஏறியதும், ஜெலுத்தோங்கில் இப்போது கார் நிறுத்துமிடமாகிவிட்ட அந்த ரேடியேட்டர் பட்டறை, தகரக்கூரைச் சூட்டோடும் சுத்தியல் சத்தத்தோடும் அதை நடத்திய லெட்சுமி அக்காவோடும் திரும்பி வந்தது.

அப்பா, கடற்பாலத்துக்கு அப்பால் பிறை என்ற ஊரில் இருந்த தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டினார். ஒருநாள் வேனின் ரேடியேட்டர் ஒழுகியது; என்னையும் கூட்டிக்கொண்டு அக்காவின் பட்டறைக்கு வந்தார். மதிய ஷிப்டுக்கு ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும். எதற்கெடுத்தாலும் பயப்படும் எனக்கோ, கழற்றிய ரேடியேட்டரில் அக்கா காட்டிய நெருப்பைப் பார்த்ததும் இன்னொரு கவலை வந்துவிட்டது.

"ரேடியேட்டர் பித்தளையும் உருகிடாதா அக்கா?"

"உருகாது லா. ஈயமும் வெள்ளீயமும் தனித்தனியா இருந்தா பிடிவாதம். கலந்துட்டா சீக்கிரம் எளகிடும். பித்தளைக்கு இந்தச் சூடு பத்தாது."

ஈயக்கம்பி துளியாகி, கண்ணாடிபோல் மின்னி, விரிசலுக்குள் ஓடியது. அப்பா அவசரமாக ரேடியேட்டரைத் தூக்கப் போனார்.

"கைய எடுங்கண்ணே. இறுகுறப்ப ஆட்டுனா உள்ளுக்குள்ள பிடிப்பு விட்டுரும். அப்புறம் பாலத்து நடுவுல நிப்பீங்க."

ஒரு நிமிடம்கூடச் சும்மா நிற்காத அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் படித்தது கொஞ்சம்தான், உருகுநிலை என்ற சொல்லையே பிற்பாடுதான் கேள்விப்பட்டேன். அக்காவுக்கு அது கண்ணிலேயே இருந்தது. ததும்பிய மினுக்கம் அடங்கிக் கெட்டியாகும் வரை இமைக்காமல் பார்த்திருந்துவிட்டு, "இப்ப தூக்குங்க" என்றார்.

ரேடியேட்டரைப் பொருத்தித் தண்ணீர் ஊற்றி, என்ஜினை நன்றாகச் சூடேற்றிப் பார்த்துவிட்டு அப்பா கிளம்பினார். வேன் திருப்பத்தில் மறைந்ததும், அது நின்ற இடத்தில் நான் குனிந்து தரையைத் தடவினேன். காய்ந்திருந்தது.