சுண்ணாம்புத் தண்ணீர் படாத பெஞ்சு

என் தம்பியைச் சயாமுக்கு அனுப்பிய கிராணி, என்னிடமே வந்து ஒரு பெஞ்சு செய்து தரச் சொன்னான்.

டெங்கில் பக்கத்தில் எங்கள் குடும்பம் இருந்த ரப்பர் தோட்டத்தின் ஆபீசில் எழுத்து வேலை பார்த்தவன் அவன். நாட்டைப் பிடித்திருந்த ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டபோது, வீட்டுக்கு ஒருவர் என்று பட்டியல் எழுதினான். அன்று நான் தோட்டத்தில் இல்லை. நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஓர் இடத்தில் மூன்று மாதம் இருந்தால் கால் அரிக்கும். அப்போது கிள்ளான் துறைமுகத்தில், படகு பழுது பார்க்கும் ஒரு சீனரிடம் இருந்தேன். "அண்ணன்காரன் ஓடிட்டான், தம்பி போகட்டும்" என்று சொல்லிக்கொண்டே கிராணி எழுதியதைப் பக்கத்து வீட்டு அக்கா காதால் கேட்டிருக்கிறாள். இரண்டு சேவல் கொண்டுபோய்க் கொடுத்தவர் மகன் பட்டியலில் இல்லை. எங்களிடம் சேவல் இல்லை. இதை அவள் எனக்குச் சொன்னபோது தம்பி போய் எட்டு மாதம் ஆகியிருந்தது.

கிராணி அதற்குள் ரயில்வே ஆட்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து, அங்கேயும் ஆள் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தான். நான் அவன் வீட்டுக்கு எதிரே இருந்த ஒரு பட்டறையில் பெட்டி அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் உளியால் குத்துவதாகத்தான் இருந்தேன். ஆனால் குத்தினால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். அது எனக்குப் போதாது என்று தோன்றியது.

அப்படி இருக்கும்போதுதான் அவனே வந்தான். ரயில்வே யார்டிலிருந்து தண்டவாளத்துக்கு அடியில் போடும் இரண்டு புதுச் சிலிப்பர் கட்டைகளை யார் மூலமோ கிளப்பி வைத்திருந்தான். நல்ல செங்கால், அந்த ஊர்க் காட்டிலேயே கெட்டியான மரம். எந்த ஊர் என்று கேட்டான். சுங்கை வே என்று பொய் சொன்னேன்; தோட்டத்தில் தங்காத என் முகம் அவனுக்குத் தெரியாது.

"புதுசா தெரியக் கூடாது லா. பத்து வருஷம் மழையில கிடந்த மாதிரி இருக்கணும். எவனாவது கேட்டா, எங்கப்பன் காலத்து பெஞ்சுன்னு நான் சொல்லணும்."

அவன் பயம் எனக்குப் புரிந்தது. அந்த வருஷங்களில் புதுச் சாமான் வைத்திருந்தாலே எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். ரயில்வே சாமானைத் தொட்டவனுக்கு என்ன நடக்கும் என்பதை அந்தத் தெருவே பார்த்திருந்தது.

கட்டைகளை அறுத்துப் பலகையாக்கினேன். இழைப்புளி போடாமல் விளிம்புகளை வாச்சியால் செதுக்கினேன். ஆணி கிடைக்காத காலம். மர முளை அடித்துக் கால்களைப் பூட்டினேன். இரும்புச் சங்கிலியால் அங்கங்கே அடித்து, கம்பியால் நாரோட்டத்தின் போக்கில் தேய்த்தேன். பிறகு கறுப்புத் தண்ணீர். கிள்ளான் சீனரிடம் பார்த்த வேலை அது. துருப்பிடித்த ஆணிகளைப் புளித்த கள்ளில் ஊறப்போட்டு, ஐந்து நாள் கழித்து அந்தத் தண்ணீரைப் பூசினால், சிவந்த மரம் கண் முன்னாலேயே சாம்பலாகி, கறுத்து, கிழடாகிவிடும். காய்ந்ததும் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, எண்ணெய் தேய்க்க வேண்டும். அந்த இரண்டையும் செய்யாவிட்டால், ஈரம் பட்டபோதெல்லாம் மரம் கறுப்பைக் கக்கும்.

அந்த இரண்டையும் நான் செய்யவில்லை.

கிராணி உட்கார்ந்து பார்த்தான், தட்டிப் பார்த்தான். காய்ந்த மரம் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. அவனுக்குப் பரம திருப்தி.

நான் மழைக்குக் காத்திருந்தேன். இரண்டு தடவை பெய்தது. பெஞ்சு தாழ்வாரத்துக்குள் இருந்ததால் ஒரு சொட்டும் படவில்லை. எனக்குக் கால் அரிக்கத் தொடங்கியும் போகாமல் இருந்தேன்.

கடைசியில் மழை வேண்டியிருக்கவில்லை. ஒருநாள் உச்சி வெயிலில் ஒரு ஜப்பான் அதிகாரி மொழிபெயர்ப்பாளனோடு பட்டியல் வாங்க வந்தான். துரை உட்காரும் இடத்தில் தூசி இருக்கலாமா? கிராணி தோள் துண்டை வாளியில் முக்கிப் பிழிந்து, பெஞ்சை அழுத்தி அழுத்தித் துடைத்து, துண்டில் வந்த கறுப்பைத் தூசி என்று எண்ணி உதறிவிட்டு, இடுப்பு ஒடியக் குனிந்து வணங்கினான். அதிகாரி உட்கார்ந்து பட்டியலை நிதானமாகப் படித்தான். எழுந்தபோது அவன் காக்கிக் கால்சட்டையின் பின்புறம் இரண்டு பெரிய கறுப்பு வட்டங்கள்.

மொழிபெயர்ப்பாளன் அதைக் காட்டியதும் அதிகாரி கிராணியை அறைந்தான்: இடது கன்னம், வலது கன்னம், திரும்ப இடது. தெருவில் எல்லாரும் குனிந்து நின்றோம். யாரும் சிரிக்கவில்லை. இதைச் செய்தவன் யார் என்று மொழிபெயர்ப்பாளன் கேட்டான். கிராணி தெருவைத் தாண்டி என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். என்னைக் காட்டினால் மரம் எங்கிருந்து வந்தது என்று அடுத்த கேள்வி வரும்.

"எங்கப்பன் காலத்து பெஞ்சுங்க" என்றான்.

பெஞ்சைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கச் சொல்லிவிட்டு, அதிகாரி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டான். செங்கால் மரம் கல் கனம். கிராணி பிடியை மாற்றி மாற்றிப் பார்த்தான். கை வியர்வையில் நனைந்து மரம் மறுபடி கறுப்பைக் கக்கியது. நெற்றி, மூக்கு, வாய் என்று கோடு கோடாக வழிந்தது. நான் சுத்தியலையும் எடுக்கவில்லை, கண்ணையும் எடுக்கவில்லை. அவ்வளவு நேரம் ஓர் இடத்தில் நான் அசையாமல் நின்றது அன்றுதான்.

அதிகாரி போனதும் அவன் பெஞ்சோடு சரிந்தான். நான் எதிரே போய் நின்றேன், தூக்கிவிடவில்லை. மரத்தை என்ன செய்தாய் என்று கேட்டான். சுண்ணாம்புத் தண்ணீர் விடவில்லை என்றேன். ஏன் என்றான்.

"டெங்கில் தோட்டம், மூணாவது லயத்து வீடு. அண்ணன் ஓடிட்டான், தம்பி போகட்டும்னு எழுதினீங்களே. அந்த அண்ணன் நான்தான். தம்பி திரும்பி வரட்டும், வந்து சுண்ணாம்பு விடுறேன்."

அவன் என் முகத்தையே பார்த்தான். உண்மையாகவே யோசித்தான். எத்தனையோ பேரை எழுதிய கை.

"அவன் பேரு என்ன?" என்று கேட்டான்.

அவனை உளியால் குத்த வேண்டும் என்று மறுபடி தோன்றியது அப்போதுதான். உளி பட்டறையில் இருந்தது. நான் பேரைச் சொல்லாமல் கிள்ளான் சாலையில் நடந்துவிட்டேன். சண்டை முடிந்த பிறகும் என் தம்பி வரவில்லை. அவன் பேரை அந்தக் கிராணி ஒரு தடவை எழுதியாகிவிட்டது. இன்னொரு தடவை அவன் வாயில் வர நான் விடவில்லை.