நான் கவிழ்க்க மாட்டன் எண்ட போட்

அந்த மாரியில என்ர மனுசி திரேசாவுக்கு நாலாம் நாளும் காய்ச்சல் விடயில்லை. கையெல்லாம் சிவப்புப் புள்ளி. பல் முரசில இரத்தம். ஆசுப்பத்திரியில இரத்தம் சோதிச்சுப் பாத்த டொக்குத்தர் டெங்கு எண்டார். பிளேட்லெட் இறங்குது, இனி வாற ரெண்டு நாளும்தான் கண்டம் எண்டார். நான் சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். சகோதரங்களே, சுவரைப் பிடிக்கிற ஆள் இல்லை நான்.

தெரியாதவைக்குச் சொல்லுறன். அஞ்சாம் வகுப்போட படிப்பை விட்டவன் நான். அகதியாய் இந்தியாவுக்குப் போய், சண்டை முடிஞ்ச பிறகு மாத்துத் துணியோட எங்கட தீவுக்கு, பள்ளிமுனைக்குத் திரும்பி வந்தனான். இண்டைக்கு என்ர பேரில மூண்டு போட் கடலில ஓடுது. ஒருத்தரும் தூக்கி விடயில்லை. என்ர ரெண்டு கைதான். கோயில் திருநாளுக்குப் பந்தல் போடுறதெண்டாலும் முதல் என்னட்டத்தான் வருவினம்.

திரும்பி வந்து எடுத்த முதல் பைபர் போட், அடி வெடிச்ச பிறகு, என்ர வளவுக்குள்ள கிணத்தடியில நிண்டது. மழைத் தண்ணி அதுக்குள்ள தேங்கும். கவிழ்த்து விட்டால் சரி. ஆனால் எங்கட ஆக்களிட்ட ஒரு வழக்கம் இருக்கு. போட் வைச்சிருக்கிற சம்மாட்டி செத்து, சவக்காலைக்குக் கொண்டு போற அண்டைக்குத்தான் பிள்ளையள் அவற்ற போட்டைக் கவிழ்ப்பினம். உயிரோட இருக்கிறவன்ர போட் கவிண்டு கிடந்தால் அவன்ர காலம் முடிஞ்சுது எண்டு அர்த்தம். என்ர அப்புவின்ர வள்ளத்தைக் கவிழ்த்தது நான்தான்.

தீவெல்லாம் காய்ச்சல் பரவின நேரம் சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாய் வந்தவர். சின்ன வயது ஆள். போட்டுக்குள்ள கிடந்த பழைய வலையைத் தூக்கிப் பாத்திட்டு, வாளியால இறைக்கிறது காணாது, வலைக்குக் கீழ தண்ணி நிக்கும், டெங்கு நுளம்பு பெருகும், கவிழ்த்து விடுங்கோ ஐயா எண்டு மரியாதையாத்தான் சொன்னார்.

"தம்பி, கடல் தண்ணி குடிச்சு வளந்தவனுக்கு நுளம்பைக் காட்டாதேங்கோ. இதைக் கவிழ்க்கிறதெண்டால் முதல் எனக்குப் பெட்டி அடிச்சுக்கொண்டு வாங்கோ."

ஒழுங்கையில நிண்ட சனம் சிரிச்சது. பக்கத்து வளவு அருளப்புவும் சிரிச்சவன். நண்டு வலை போடுறவன், என்னை அண்ணை எண்டு கூப்பிடுறவன். பரிசோதகர் ரெண்டாந்தரமும் வந்தார். படலையைத் திறக்க விடயில்லை நான்.

ரெண்டு கிழமையால திரேசா காய்ச்சலில விழுந்தாள். அடுத்த நாள் அருளப்புவின்ர மகள்.

ஆசுப்பத்திரி வாங்கில இருந்து செபமாலையை உருட்டினன். செபம் எண்டு சொல்லுறன், அது பேரம். மாதாவே, அவளின்ர உயரத்துக்கு மெழுகுதிரி ஏத்துறன் எண்டன். மடுவில உம்மட கோயிலுக்கு நடந்து வாறன் எண்டன். கோயிலுக்குப் புது மணி எண்டன். ஆண்டவர் வாயே திறக்கயில்லை. திரும்பத் திரும்ப அந்தக் கிணத்தடிதான் மனசில வந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டன்.

ஒரு மத்தியானம் திரேசா கண்ணைத் திறந்து, அந்தப் போட் இன்னும் நிமிந்துதான் நிக்குதோ எண்டு கேட்டாள். ஓம் எண்டன்.

"ஒழுங்கைக்குள்ள இன்னும் எத்தினை பிள்ளையளப்பா இருக்குதுகள். போய்க் கவிழ்த்துப் போட்டு வாங்கோ. இல்லாட்டி என்னைப் பாக்க வராதேங்கோ."

நான் கேட்ட செபத்துக்குப் பதில் அதுதான். மெழுகுதிரிக்கு வராத பதில் மனுசியின்ர வாயால வந்தது.

தனிய ஏலாது அந்தப் போட்டை. ஒருநாளும் ஆரிட்டயும் உதவி கேளாதவன் ஒழுங்கையில நிண்டு ஆள் கூப்பிட்டன். ரெண்டு பேர் வந்தவை. காணாது. மகளுக்கு உடுப்பு எடுக்க வந்த அருளப்பு படலைக்க நிண்டு பாத்தான். உடுப்புப் பையைக் கீழ வைச்சிட்டு வந்து முன்பக்கத்தில கை குடுத்தான். போட் பிரண்டுது. கறுத்த தண்ணி எங்கட காலுக்கு மேலால ஓடிச்சுது. அதுக்குள்ள நுளம்புப் புழு நெளிஞ்சுது, எண்ணேலாது. அருளப்பு தண்ணியைப் பாத்தான். பிறகு என்னைப் பாத்தான். பையை எடுத்துக்கொண்டு போயிட்டான்.

அந்த ஈரத்திலயே முழங்கால் போட்டன். பேரம் பேசயில்லை. ஆண்டவரே, இந்தக் காய்ச்சலை இனி ஒரு வீட்டுக்கும் போக விடாதையும் எண்டு மட்டும் கேட்டன். அடுத்த நாள் திரேசாவுக்குப் பிளேட்லெட் ஏறத் தொடங்கிச்சுது. அந்த மாரி முடியுமட்டும் எங்கட ஒழுங்கையில வேற ஒருத்தருக்கும் காய்ச்சல் வரயில்லை. இது ஆண்டவர் செய்தது. ஆர் முன்னால கேட்டாலும் சொல்லுவன்.

அருளப்புவின்ர மகளை வவுனியாவுக்கு மாத்தினவை. மூண்டாம் நாள் பெட்டியில கொண்டு வந்தவை. அருளப்பு என்னைவிடக் கூடச் செபிச்சவன், போட் கவிழ்க்கக் கையும் குடுத்தவன். எனக்குத் தந்தவர் அவனுக்கு ஏன் தரயில்லை எண்டு பங்குச் சுவாமியிட்டக் கேட்டன். அவர் என்ர தோளில கை வைச்சார்.

இப்ப மாரி தொடங்கினால் அந்தப் பரிசோதகரோட நானும் போறன். டயர், சிரட்டை, மீன் பெட்டி, போட் எல்லாம் பிரட்டிப் பாக்கிறன். உன்ர வளவில நுளம்பை வளத்துப் போட்டு எங்களுக்குப் புத்தி சொல்ல வாறியோ எண்டு முகத்துக்கு நேரவே கேக்கினம். ஓம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் உள்ளுக்குப் போறன்.

இந்தச் செபக்கூட்டத்தில சாட்சி சொல்லக் கேட்டினம். முதல் அருளப்புவிட்டப் போனன். வலையில நண்டு கழட்டிக்கொண்டிருந்தான். சொல்லட்டோ எண்டு கேட்டன். இன்னொரு நண்டைக் கழட்டி வாளியில போட்டான்.

"சொல்லுங்கோ அண்ணை. உங்கட மனுசி எழும்பினதைச் சொல்லேக்க என்ர பிள்ளையின்ர பேரையும் சொல்லுங்கோ. பக்கத்து வீட்டுப் பிள்ளை எண்டு மட்டும் சொல்லிப் போட்டு விடாதேங்கோ."

அவளின்ர பேர் மேரி நிலானி. பதினொரு வயது. சகோதரங்களே, ஆண்டவரிட்ட நம்பிக் கேளுங்கோ, அவர் கேக்கிறார், நான் கண்டனான். கேட்டு முடிச்சுப் போட்டு நிலானிக்காக ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொல்லுங்கோ.