மண் ராஜாவின் தொடை

பஸ் ஜன்னலுக்கு வெளியே ஒரு பாதம் தெரிந்தது. பாதம் மட்டும்தான். குதிகால் தரையில் ஊன்றி, ஐந்து விரல்களும் வானத்தைப் பார்க்க, என் உயரத்துக்கு நின்றது. அதற்குப் பின்னால் கீற்றுப் பந்தல், அப்புறம் முந்திரித் தோப்பு. போன வருஷம் சித்திரை மாதம் அது. நெய்வேலியிலிருந்து கடலூருக்குப் போட்டித் தேர்வு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். குள்ளஞ்சாவடியைத் தாண்டிச் சற்று தூரம். அன்றைக்கு மாதிரித் தேர்வு வேறு. மடியில் குறிப்பேடு விரிந்து கிடந்தது. அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன்.

"கடலூருக்குத்தானம்மா டிக்கெட் வாங்குன?" என்றார் கண்டக்டர்.

"ஆமாங்க. அந்தக் காலைப் பாத்துட்டு வந்துடறேன்."

அவர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார்.

திரும்பி நடந்தேன். பாதத்தைச் சுற்றி வந்தால் முழங்கால், தொடை, மடித்த வேட்டி, மார்பு, மீசை, மகுடம். களிமண்ணில் ஒரு ராஜா மல்லாந்து படுத்திருந்தார். எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு பிளாக்கின் முன்பக்கம் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம். கண்கள் திறந்திருந்தன. அம்மன் கோயில் திருவிழாவின் கடைசி நாள், படுகளம். பதினெட்டு நாளாகக் கூத்தில் நடந்த பங்காளிச் சண்டை அன்று பகலில், வெயிலில், இந்த மண் உடம்பின் மேல்தான் முடியப்போகிறது. தம்பிமார்களில் ஒருவன் கதாயுதத்தோடு வருவான். ராஜாவின் தொடையில் அடிப்பான். உள்ளே புதைத்த சட்டியிலிருந்து குங்குமத் தண்ணீர் பீறிடும். அதைத் தொட்டுத் தலையில் தடவிக்கொண்டுதான் அம்மன் விரித்த கூந்தலை முடிப்பாள்.

நான் பிறந்தது நெய்வேலி டவுன்ஷிப்பில். நாள் முழுக்க மண்ணை வாரிக் கொட்டும் சுரங்க இயந்திரத்தைப் பள்ளிக்கூட வயதிலேயே சுற்றுலாவாகப் போய்ப் பார்த்தவள். அதன் சக்கரத்தில் ஒரு வாளிக்குள் எங்கள் வகுப்பே உட்காரலாம் என்று பேசிக்கொண்டோம். அப்பாவுக்கு அதன் கீழே ஓடும் கன்வேயரில் வேலை. மண் என்றால் எனக்கு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் இடைஞ்சல், அவ்வளவுதான். அன்று அந்தப் பாதத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். மண்ணை இப்படியும் குவிக்கலாம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே! அங்கேயே ஒன்று தோன்றியது: அடுத்த முறை இதில் என் கையும் படவேண்டும்.

மாதிரித் தேர்வு போனது. அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசியதைவிடப் பேசாமலே இருந்திருக்கலாம்.

அன்று அந்த மண் உடம்பின் மேல் ஏறி ஆடிய, ராஜா வேஷம் கட்டியவரைத் தேடிப் பிடிக்கச் சிரமப்படவில்லை. முகத்துச் சாயம் போனபின் பார்த்தால், எங்கள் வீட்டுக்கு எதிர் ரோட்டில் தினம் சைக்கிளில் போகிறவர். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. பதினைந்து வருஷமாக அந்த ஊர்க் களத்தில் ராஜாவாக நிற்கிறவர். போய்க் கேட்டேன். சிரித்தார்.

"மண்ணு உருவம் கட்டறது வேற ஆளுங்கம்மா. நான் மேல ஏறி நிக்கறதோட சரி."

ஆனால் இந்த வருஷம் நிலைமை மாறியது. வழக்கமாக உருவம் கட்டுகிற குழு வேறொரு ஊருக்கு ஒப்புக்கொண்டுவிட்டது. "நானே கட்றேன், என் உடம்பு எனக்குத் தெரியாதா" என்று ராஜா வேஷக்காரர் ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டார். கூட்டத்தார் ஒரு நிபந்தனை வைத்தார்கள். தம்பிக்காரன் அடிக்கும்வரை தொடை முழுசாக இருக்கவேண்டும். அதற்கு முன்னால் தானாக வெடித்தால் ஊருக்கு ஆகாது. அப்படி வெடித்தால் அடுத்த வருஷம் உருவமும் அவருக்கில்லை, வேஷமும் அவருக்கில்லை.

இதை அவர் என்னிடம் சொன்னது டீக்கடையில், மத்தியான பி ஷிப்ட்டுக்குப் போகும் வழியில். சொல்லிவிட்டு, "வரியா?" என்றார். நான் சிவில் இன்ஜினியரிங் படித்தவள் என்பது எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது.

படுகளத்துக்கு முதல் நாள் காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது, முந்தின நாளே உமியும் வைக்கோல் துணுக்கும் கலந்து குவித்த மண் காய்ந்து கிடந்தது. பெண்கள் தண்ணீர் ஊற்றி மிதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் என்னைப் பார்த்ததும், "பொம்பளப் புள்ள ராஜா மேல கை வைக்கலாமா?" என்றார்.

மண் மிதித்துக்கொண்டிருந்த அக்கா நிமிரவே இல்லை. "மண்ண சொமக்கறது நாங்க, மிதிக்கறது நாங்க. தடவறதுக்கு மட்டும் ஆம்பள வேணுமா? நீ போயி பந்தல்ல குந்துய்யா."

அந்த அக்காவும் நானும் தொடைக்கு அனுப்பப்பட்டோம். அண்ணன் (ராஜா வேஷக்காரரை அப்படித்தான் கூப்பிட்டேன்) சொன்னது ஒன்றுதான்: "வழவழன்னு இருக்கணும். எல்லாரு கண்ணும் அங்கதான்."

அந்த 'வழவழ'தான் என்னைக் கவிழ்த்தது. பூச்சுக்கு மணலைச் சலிப்பது கல்லூரியில் படித்த பாடம். கோயில் வேலைக்குக் கொண்டுவந்திருந்த சல்லடை அங்கே சாத்தியிருந்தது. காய்ந்த மண்ணைக் கூடை கூடையாக அள்ளிச் சலித்தேன். மாவாக விழுந்தது. உமி, வைக்கோல், வேர் எல்லாவற்றையும் ஓரமாகக் கொட்டினேன்.

"அது இன்னாத்துக்கு எடுத்துப் போடற?" என்றாள் அக்கா.

"பினிஷிங் நல்லா வரும்க்கா."

"படிச்ச பொண்ணு சொல்ற" என்று மிதித்தாள்.

சாயங்காலம் தொடை பளபளத்தது. தலைப்பக்கம் மகுடத்தைக் கட்டிக்கொண்டிருந்த அண்ணன் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, 'சூப்பர்' என்று விரலை வளையமாக வளைத்துக் காட்டினார். அன்றைக்கு இருந்த சந்தோஷம் எந்த மார்க்ஷீட்டிலும் கிடைத்ததில்லை.

மறுநாள் காலை சுண்ணாம்பும் மஞ்சளும் பூசி, கரியால் மீசை எழுதி, கண் திறந்தார்கள். கண் திறந்ததும் பெண்கள் குலவையிட்டார்கள். நேற்று நான் ஏறி நடந்த மண்தான் அது. இப்போது அதன் நிழலில் நிற்கவே கால் கூசியது.

எட்டு மணிக்கு மேல் மேற்கிலிருந்து காய்ந்த காற்று அடித்தது. ஈரமான கடல்காற்று ஏற நண்பகல் ஆகும். பத்து மணிவாக்கில் தொடையின் மேல் ஒரு முடி கிடப்பதாக நினைத்துத் தட்டிவிடக் குனிந்தேன். முடி இல்லை, விரிசல். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நீண்டது. மற்ற இடமெல்லாம் கல் மாதிரி இருந்தது. நான் சலித்துப் பூசிய இடம் மட்டும், பிடித்துவைக்க உமியோ வைக்கோலோ இல்லாமல், வாய் திறந்தது. உள்ளே சட்டி வைத்த குழி வரைக்கும் அது போயிருக்கவேண்டும். விளிம்பில் சிவப்பாக ஒரு சொட்டு துளிர்த்தது.

வேஷம் கட்டும் கொட்டகைக்கு ஓடினேன். அண்ணனுக்குப் பாதி முகம் சிவப்பு, பாதி முகம் அவர் முகம்.

"அண்ணா, தொடை வெடிச்சுட்டுது. நான்தான். உமியெல்லாம் சலிச்சுப் போட்டுட்டேன்."

கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தார். "எவ்ளோ?"

"ஒரு விரல் போவும். செவப்பு வருது."

நான் திட்டுக்குக் காத்திருந்தேன். அவர் சாயக்காரரிடம், "சீக்கிரம் முடிய்யா" என்றார். என்னிடம், "தண்ணி கிண்ணி ஊத்திடாத. போயி அது பக்கத்துல சும்மா நில்லு" என்றார்.

போய் நின்றேன், என் துப்பட்டா நிழல் விரிசலின் மேல் விழும்படி. கூட்டம் நெருங்கிக்கொண்டே வந்தது.

ராஜா களத்துக்கு வரவேண்டிய நேரத்துக்கு வெகுமுன்னால் சலங்கைச் சத்தம் கேட்டது. மத்தளக்காரர் பதறிப்போய் வாசிப்பைப் பிடித்தார். முகவீணைக் குழல் பின்னாலேயே ஓடிவந்து சேர்ந்துகொண்டது. புஜங்களில் கட்டிய கண்ணாடி பதித்த கட்டைகள் வெயிலை வாரி இறைக்க, அண்ணன் மண்ராஜாவின் முழங்கால் வழியாக ஏறினார். தொடையில் வலது காலைப் பதித்தார். சரியாக விரிசலின் மேல்.

வழக்கப்படி ராஜா அங்கே நிற்கமாட்டார். உருவத்தைச் சுற்றிச் சுழன்று ஓடுவார், மார்பில் ஏறுவார், இறங்குவார். கூட்டம் காத்திருப்பதே அந்தச் சுழற்சிக்குத்தான். இவர் நின்றார். நின்றபடியே பாடினார். இடது கால் தாளம் போட்டது, இடுப்பு ஆடியது, கை வாள் வீசியது. வலது பாதம் மட்டும் அசையவில்லை.

கூத்தில் கேலி பேசுகிற கட்டியங்காரனுக்கு நடந்தது எதுவும் தெரியாது. அவன் விடுவானா?

"ராஜாவே! பதினெட்டு நாளா ஆடுனீங்க, இன்னிக்கு இன்னா ஒத்தக் கால்ல நிக்கிறீங்க? கால்ல முள்ளா? இல்ல, தம்பி வர்றான்னு ஒண்ணுக்கு அடக்கிக்கினு கீறீங்களா?"

கூட்டம் சிரித்து அடங்கும்வரை அண்ணன் பொறுத்திருந்தார். பிறகு மெல்ல, பாட்டாக இல்லாமல் பேச்சாகவே சொன்னார்: "இது என் மண்ணுடா. வெச்ச காலை எடுத்தன்னா எவனோ வந்து நின்னுக்குவான். எடுக்க மாட்டேன்."

சிரிப்பு நின்றது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்கள் அந்தக் கூட்டத்தில் நிறைய. அண்ணனுடையதும் அப்படி ஒரு குடும்பம்தான். என் பக்கத்தில் நின்ற ஒருவர் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார், கோயிலில் செய்வதுபோல. முகவீணை ஒரே சுரத்தில் அழுதது.

ஒரு மணி நேரத்துக்கும் மேல். வெயில் ஏற ஏற அவர் முகத்துச் சாயம் கழுத்தில் வழிந்தது. பெருவிரலைச் சுற்றிச் சிவப்பு கசிவது எனக்கு மட்டும் தெரிந்தது. காலைச் சற்றே திருப்பி அதையும் மூடிக்கொண்டார். தம்பிக்காரன் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து, ராஜா ஓடாததைப் பார்த்துத் திகைத்து, பிறகு அவனே சுற்றத் தொடங்கினான். எல்லா வருஷமும் ஓடுகிறவன் நின்றான், நிற்கிறவன் ஓடினான். கதை புதிதாகிவிட்டது. கதாயுதம் தலைக்கு மேல் எழுந்தபோது தென்னங்கீற்றுகள் சலசலத்தன. கடல்காற்று. அடி இறங்கும் அந்த நொடியில்தான் அண்ணன் காலை எடுத்தார்.

மண் பிளந்தது. சிவப்பு ஆள் உயரம் பீறிட்டது. அம்மன் வேஷக்காரர் கூந்தலை நனைத்து முடிந்தபோது எத்தனை பேர் அழுதார்கள் என்று தெரியாது, என் கண்ணே தெளிவாக இல்லை.

பிறகு எல்லாரும் மண்ணுக்குப் பாய்ந்தார்கள். வயலுக்கும் நெல்குதிருக்கும் ஆளுக்கொரு பிடி. அரை மணியில் ராஜா இல்லை. ஊர்க்கூட்டத்துப் பெரியவர்கள் அண்ணனுக்கு வெற்றிலை கொடுத்து, "அடுத்த வருசமும் நீயே கட்டு, நீயே நில்லு" என்றார்கள். அவர் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்காமலே, "அந்தத் தொடைய செஞ்சவங்களுக்கும் குடுங்க" என்றார். எனக்கு வெற்றிலையை வாங்கக் கை வரவில்லை.

மண் மிதித்த அக்காதான் தோளில் தட்டினாள். "வாங்கிக்கடி, சல்லட."

அந்த நேரத்தில் கடலோரக் குப்பத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அவர்கள் ஊரிலும் படுகளம் வைக்க ஆசை. "ஆனா எங்குளுது மணலுங்க. நிக்குமா?" என்று அண்ணனிடம் கேட்டார்கள்.

அவர் சலங்கையை அவிழ்த்துக்கொண்டே என்னைக் காட்டினார். "அந்த இன்ஜினியரம்மாவ கேளுங்க. எப்டி வெடிக்கும்னு எங்கள்ல அதுக்குத்தான் நல்லா தெரியும்."

இப்போது எங்கள் குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியில் மூன்று பிளாஸ்டிக் டப்புகள் இருக்கின்றன. ஒன்றில் கடற்கரை மணலும் உப்பனாற்றுச் சேறும் சமபாதி. இன்னொன்றில் சேறு கூடுதல். மூன்றாவதில் அவற்றோடு உமி, வைக்கோல், அக்கா கொடுத்தனுப்பிய சாணம். அம்மா துணி காயப்போட வரும்போதெல்லாம் அவற்றை முறைக்கிறாள். நாளைக் காலை மூன்றையும் தொடை கனத்துக்குத் தட்டி மேற்குக் காற்றில் வைக்கப்போகிறேன். எது ஞாயிற்றுக்கிழமை வரை வெடிக்காமல் இருக்கிறதோ, அதை மடியில் வைத்துக்கொண்டு குப்பத்துக்குப் பஸ் ஏறுவேன்.