சவரிமுத்து அண்ணையும் களனிக் கல்லும்

சவரிமுத்து அண்ணை போய்விட்டார் என்று செவ்வாய்க்கிழமை காலை கொட்டாஞ்சேனையிலிருந்து அவருடைய மனைவி தொலைபேசியில் சொன்னார். அழுகைக்கு நடுவே, "கட்டிலுக்குக் கீழ முழுக்கக் கல்லு, தம்பி. நான் என்ன செய்யிறது?" என்றும் கேட்டார்.

அவரோடு எங்கள் தச்சுப் பட்டறையில் நின்ற உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? கடையில் விற்கும் சாணைக்கல்லை அவர் தொடமாட்டார். உளி தீட்ட இயற்கைக் கல்தான் வேண்டும். தெருவில் கிடந்ததைத் தூக்கி அதில் துப்புவார். எச்சில் சட்டென்று உள்ளே இறங்கினால், "இது குடிகாரக் கல்லு" என்று எறிவார். இறங்காவிட்டால் உளிமுனையால் கீறிப் பார்ப்பார், தீட்டுவார், கடைசியில் தன் முன்கை மயிரை மழித்துப் பார்ப்பார். அவசர வேலைக்கு நடுவில் என் உளியை எடுத்துத் தீட்டி முனையைச் சிதைத்தும் இருக்கிறார். கேட்டால், "பிழை கல்லில, என்னில இல்லை" என்பார்.

யுத்த காலத்தில் ஒருநாள், களனியில் ஒரு வீட்டுக்கு யன்னல் பொருத்திவிட்டுத் திரும்பினோம். ஆற்றங்கரையில் சாம்பல் நிறக் கல்லொன்றைக் கண்டு நின்றுவிட்டார்.

"அண்ணை, போடுங்கோ. வழியில செக்கிங் இருக்கு."

"இப்பிடி ஒண்டு இனிக் கிடைக்காதடா."

ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அவருடைய பையில் உளிகள் இரண்டு, அதில் ஒன்று என்னுடையது. கூடவே துணியில் பக்குவமாகச் சுற்றிய கல். "கல், மாத்தயா, கல்" என்று சிப்பாயை ஐயா போட்டுச் சொன்னார். சிங்களத்திலும் அது கல்தான். ஆனால் வெறுங்கல்லைத் துணியில் சுற்றிக்கொண்டு போகிறவனை யார் நம்புவார்கள்? இவனோடு வந்தவனா என்று சிப்பாய் என்னைக் கேட்டான். என் அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி இருந்தது. அந்த நாளில் ஆளைப் பிடித்துப்போக அது போதும்.

இல்லை என்றேன்.

அண்ணை என் பக்கம் திரும்பவே இல்லை. "அவர் ஆரோ, எனக்குத் தெரியாது" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அவர்களோடு ஜீப்பில் ஏறினார்.

நான்கு நாள் கழித்துத்தான் விட்டார்கள். அவருடைய வீட்டுக்குப் போனேன். முகம் வீங்கியிருந்தது. நான் வாய் திறக்குமுன், "கல்லைத் தரமாட்டம் எண்டிட்டாங்கள். ஒருக்காத் தீட்டிக்கூடப் பாக்கேல்லை" என்று புலம்பினார். "உங்களுக்குக் கல்லுத்தான் பெரிசு!" என்று கத்திவிட்டு வெள்ளவத்தையிலிருந்த என் அறைக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அழுதேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அந்தக் கதையை எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு கல்லை என் கையில் திணித்துப் பேச்சை மாற்றினார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தக் கோபம்தான். "ஏனடா என்னோட வரேல்லையெண்டு சொன்னனி?" என்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். இத்தனை வருடமும் நான் பதிலோடு காத்திருந்தேன்.