எட்டு மாசச் சோறு

ஆபீஸில் அவளுக்குக் கஞ்சராணி என்று பட்டம். லிஃப்ட் பொருத்தும் கம்பெனியில் இரண்டு வருஷ இன்ஜினியர். கூடச் சேர்ந்தவன் முதல் சம்பளத்தின் சூடு ஆறுவதற்குள் தவணையில் கார் எடுத்துவிட்டான். இவளோ ஓட்டை ஸ்கூட்டரில் வருவாள். அது கிளம்பும் சத்தத்தில் நாலு தெரு நாய்கள் ஊரைக் காலி செய்துவிடும். சம்பளத்தில் பாதியை பேங்கில் போட்டுவிட்டுத்தான் மீதியைத் தொடுவாள்.

"என்னம்மா, லிஃப்டையே விலைக்கு வாங்கப் போறியா?" என்பான் கார்க்காரன்.

"முதல்ல உன் கார்ல ஒரு டயராவது உனக்குச் சொந்தமாகட்டும்டா!"

அன்றைக்குப் பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு. மறுநாள் திறப்பு. லிஃப்ட் தாங்கும் எடைக்கு மேல் இன்னும் கால் பங்கு இரும்புக் கட்டி ஏற்றி, ஓட்டி, பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்தேன் என்று கையெழுத்துப் போடும் பொறுப்பு அவளுடையது. வேறு யார் போட்டாலும் செல்லாது. கட்டி ஏற்றிய லாரியோ பாதி வழியில் படுத்துவிட்டது.

மேனேஜர் காகிதத்தை நீட்டினார். "போட்டுடும்மா. கட்டி வந்ததும் பாத்துக்கலாம்."

"ஏத்திப் பாக்காம எப்படி சார் போடுறது?"

"போடலன்னா நாளைக்கு வேலைக்கு வர வேணாம்."

கார்க்காரன் தரையைப் பார்த்தான். அவனாக இருந்தால் இந்நேரம் பேனாவைத் தேடியிருப்பான். அவள் காகிதத்தை அவர் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"சரி சார். எட்டு மாசம் உக்காந்து சாப்பிட என்கிட்ட காசு இருக்கு. அதுக்குள்ள வேற வேலை தேடிக்கிறேன்."

மேனேஜர் திறந்த வாயில் ஒரு லிஃப்டே போய் வந்திருக்கலாம். பிறகு போனை எடுத்து வேறு லாரிக்குச் சொன்னார்.

சாயங்காலம் கட்டிகள் ஏறின. லிஃப்ட் இறங்கியது. பிரேக் போட்டார்கள், நிற்காமல் ஓர் ஆள் உயரத்துக்கு வழுக்கிக்கொண்டு போனது. அவள் மேலே ஏறி பிரேக்கைச் சரிசெய்தாள். மூன்றாம் முறை ஆணி அடித்த மாதிரி நின்றது. அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள்.

"நாளைக்குச் சீக்கிரம் வந்துடும்மா," என்றார் மேனேஜர், முகத்தைப் பார்க்காமலே.

வீட்டில் நடந்ததைச் சொன்னாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தெருவுக்கு இறங்கினாள். செய்தி நாலாவது வீட்டை எட்டும்போது, அறுந்து விழுந்த லிஃப்டை மகள் ஒற்றைக் கையால் தாங்கிப் பிடித்திருந்தாள்.