வாடகைக்கு வந்த தங்கச்சிகள்

பதுளையில் நாங்கள் குடியிருந்தது ஒரு வீட்டின் பின்பாதியில். முன்பாதியில் வீட்டுச் சொந்தக்காரர் இருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், அரசாங்கக் கந்தோரில் மொழிபெயர்ப்பாளர். விசாரணை செய்கிற துரை இங்கிலீஷில் கேட்பதை நம் தோட்டத்து ஆட்களுக்குத் தமிழில் சொல்வதும், நம் ஆட்கள் சொல்வதைத் துரைக்கு இங்கிலீஷில் சொல்வதும்தான் அவர் உத்தியோகம். வீட்டைக் கொடுக்கும்போதே ஒரு நிபந்தனை போட்டார்.

"சொந்தக்காரர் வந்தால் நிக்கட்டும், அது மனிசருக்கு உள்ளதுதான். வாடகைக்கு ஆக்களை வைச்சீரெண்டால் அண்டைக்கே சாமானைக் கட்ட வேண்டியதுதான்."

என் கணவர் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். மூன்றாம் மாதமே ஆள் வைத்தோம்.

வைக்காமல் என்ன செய்வது? ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், கந்தோருக்கு வருகிறவர்கள், எல்லாரும் எங்கெங்கோ உள்ள தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். வந்த காரியம் ஒரே நாளில் முடியாது. சாயந்தரம் கடைசி பஸ்ஸும் போன பிறகு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ரயில் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பார்கள். என் கணவருக்கு அங்கேதான் வேலை, தேயிலைப் பெட்டி ஏற்றுகிற வேலை. வரும்போது இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். "பாவம், ரெண்டு நாளைக்குத்தானே" என்பார். இரக்கம் அவருடையது, அடுப்பூதுவது நான். அவர்கள் கொடுக்கிற காசு எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். வருகிறவர்களைத் தெருவாசல் படலைக்கு வெளியிலேயே நிறுத்திப் பாடம் சொல்லிவிடுவேன். "இங்க நான் உங்களுக்கு அக்கா. முன்வீட்டு ஐயா கேட்டா, அக்கா வீட்டுக்கு வந்திருக்கோம்னு சொல்லணும். வேற ஒரு வார்த்தை பேசக் கூடாது, ஆமா!" நம் ஆட்கள் சொன்னதை அப்படியே செய்வார்கள். தெமோதரையிலிருந்து வந்த ஒருவர், என்னைவிட இருபது வயது மூத்தவர், பல் கூட இல்லை, படலையில் நுழையும்போதே "அக்கோவ்!" என்று கத்திக்கொண்டு வந்தார். முன்வீட்டு ஐயா பேப்பரைத் தாழ்த்தி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பேப்பரைத் திரும்பத் தூக்கிக்கொண்டார்.

ஆள் வைப்பதில் இருக்கிற தொல்லையைப் பற்றி என்னிடம் கேட்டால் நான் நாள் முழுக்கச் சொல்வேன். ஒருத்தி நேர்த்திக்கடன் சேவலோடு வந்தாள். அது ஐயாவின் ஜன்னலுக்கு நேராகப் போய் நின்று கூவியது. ஒரு குடும்பம் எங்கள் வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தோட்டத்துக்கே போய்விட்டது. பெண் பார்க்க வந்த கூட்டம் ஒன்று என் அடுக்களையில் சண்டை பிடித்து, சமாதானமும் என் செலவில்தான் ஆனது. மூட்டைப்பூச்சியைச் சொல்லவே வேண்டாம். ஆனால் வீடு நிறைய ஆள் இருந்தால் எனக்குச் சந்தோஷம். பிள்ளையில்லாத வீடு எங்களுடையது. யாராவது "அக்கா, கொஞ்சம் ரசம் ஊத்துங்க" என்று கேட்டால் திட்டிக்கொண்டே ஊற்றுவேன்.

அப்போது பிரஜாவுரிமை விசாரணைகள் நடந்துகொண்டிருந்தன. இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு, பாட்டன் பூட்டன் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லி, பிறந்து வளர்ந்த நாட்டிலேயே தோட்டத்து ஆட்களெல்லாம் அந்நியர் என்று ஆகிவிட்டது. மனுப் போட்டவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, எங்கே பிறந்தாய், யாருக்குப் பிறந்தாய், இத்தனை வருஷமாக எங்கே இருந்தாய் என்று குடைவார்கள். மனுவில் ஒன்று இருந்து வாய் வேறொன்று சொன்னால் காரியம் கெட்டுப்போகும். எங்கள் விசாரணை முந்தின வருஷமே நல்லபடியாக முடிந்திருந்தது. அதனால் இதெல்லாம் எனக்குத் தெரியும் என்று ஒரு திமிர்.

அந்த விசாரணைக்குத்தான் ஹல்துமுல்லைப் பக்கத்திலிருந்து ஒருத்தி வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். புருஷன் செத்து இரண்டு வருஷம். ஐந்து வயது மகளைத் தோட்டத்து லயத்து வீட்டில் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். தாய் தகப்பன் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. மனு தள்ளுபடியானால் தன்னையும் பிள்ளையையும் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தோட்டத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். "அங்க எனக்கு யாரு இருக்காங்கக்கா? நான் கடலையே பார்த்ததில்லையே" என்றாள். காகிதங்களை மஞ்சள் துணியில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு படுத்தாள்.

மறுநாள்தான் விசாரணை. விடிந்து எழுப்பப் போனால், முகமெல்லாம், கழுத்தெல்லாம் முத்துமுத்தாக அம்மை.

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே கந்தோருக்குப் புறப்பட்டாள். நான் வாசலை மறித்தேன். "ஆத்தா இறங்கியிருக்கிற உடம்போட தெருவுல போகக் கூடாதுடி. போய்ப் படு!" அன்றைக்குப் போகாவிட்டால் மனுவைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள் என்று என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சரி, நானே போய் வேறு நாள் கேட்டு வருகிறேன் என்று, விசாரணைக்குக் கூப்பிட்டு வந்த கடிதத்தை வாங்கிக்கொண்டு ஓடினேன்.

கந்தோரில் ஒரு கிளாக்கர் கடிதத்தைப் பார்த்தார். "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். அவருக்கு நேர் பின்னால், கைக்கெட்டுகிற தூரத்தில், எங்கள் முன்வீட்டு ஐயா உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். வாடகைக்கு வந்தவள் என்று சொல்ல வாய் வருமா? பழகிய வாய் பழகியதைச் சொன்னது. "என் தங்கச்சிதாங்க. கூடப்பிறந்தவ. எங்க வீட்டுலதான் இருக்கா." கிளாக்கர் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மூன்று கிழமை தள்ளி வேறொரு நாள் கொடுத்தார். காரியத்தைச் சாதித்துவிட்ட சந்தோஷத்தில் நான் வரும் வழியில் இளநீர் வாங்கிக்கொண்டு வந்தேன். எவ்வளவு பெரிய முட்டாள்!

பிறகு பதினொரு நாள் என் வீட்டில் நடந்த அதிசயத்தை என் கணவர் சாகும் வரை சொல்லிச் சிரித்தார். ஆத்தா வந்திருக்கிற வீட்டில் தாளிக்கக் கூடாது, கடிந்து பேசக் கூடாது, யாரையும் "போ" என்று சொல்லக் கூடாது. என்னால் ஒரு நாளைக்குத் திட்டாமல் இருக்க முடியுமா? பால் பொங்கி வழிந்தாலும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். வாசலில் வேப்பிலை செருகி, வேறு ஆள் யாரையும் உள்ளே விடாமல், அவளுக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்வீட்டு ஐயா வேப்பிலையைப் பார்த்துவிட்டுக் கோயில் மரத்திலிருந்து இன்னும் இரண்டு கொத்து ஒடித்துக்கொண்டு வந்து படியில் வைத்துவிட்டுப் போனார். அவள் அரைத் தூக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு "அக்கா, போயிராதீங்க" என்பாள். படலையில் சொல்லிக்கொடுத்த அக்கா இல்லை அது. எனக்கு அது தெரிந்தது. மூன்றாம் தண்ணீர் ஊற்றி முடித்த அன்று அவள் தோட்டத்துக்குப் போனாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

விசாரணை நாளன்று நானும் கூடப் போனேன். துரை மேசைக்குப் பின்னால், பக்கத்தில் எங்கள் ஐயா, எதிரே அவள். நான் கதவோரம் பெஞ்சில். பிறந்தது, வளர்ந்தது, பேர் பதிந்தது, எல்லாவற்றுக்கும் அவள் சரியாகச் சொன்னாள். பிறகு துரை இரண்டு தாள்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

ஐயா தமிழில் சொன்னார். "கூடப்பிறந்தவை ஒருத்தருமில்லை எண்டு உம்மட மனுவில கிடக்குது. இந்தத் தாளில பதுளையில ஒரு தமக்கை இருக்கிறா, நீர் அவவோடதான் இருக்கிறீர் எண்டு எழுதிக் கிடக்குது. எது உண்மை? இல்லாட்டி நீர் வேற ஆளோ எண்டு துரை கேட்கிறார்."

அடிப்பாவி, இது நான் சொன்னதாச்சே! உண்மையைச் சொல்லுடி என்று மனசுக்குள் கத்தினேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு ஐயாவைப் பார்த்தாள். அவர் யார், அவர் காதில் விழுந்தால் எனக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். பதினொரு நாளும் நான்தான் புலம்பியிருக்கிறேனே.

"இருக்காங்க" என்றாள். "அந்தா உக்காந்திருக்காங்க, எங்க அக்காதான்."

ஐயா துரையின் பக்கம் திரும்பினார். நான் எழுந்துவிட்டேன். "ஐயா, அதைச் சொல்லிறாதீங்க!"

துரை நிமிர்ந்து பார்த்தார். என்னைக் கூப்பிட்டார்கள், சத்தியம் வாங்கினார்கள். அவள் முகத்தைப் பார்த்தால் என்னால் சொல்ல முடியாது என்று மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "இவ எனக்கு ஒண்ணுமில்லைங்க. கூடப்பிறந்தவளும் இல்ல, ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. ரெண்டு நாள் தங்க இடம் கேட்டா, காசு வாங்கிட்டு இடம் குடுத்தேன். அம்மை போட்டுக் கிடந்தா. தங்கச்சின்னு நான்தான் பொய் சொன்னேன். வாடகைக்கு ஆள் வச்சேன்னு தெரிஞ்சா வீட்டுக்காரரு எங்களை வெளியே அனுப்பிருவாருங்க, அந்தப் பயத்துல சொன்னது."

இதையெல்லாம் எங்கள் ஐயாதான் துரைக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அந்த வீட்டுக்காரர் தான்தான் என்று அவர் காட்டிக்கொள்ளவும் இல்லை. துரை அவளிடம், ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கச் சொன்னார். அவள் தேம்பித் தேம்பி அழுதாள். "அவங்க வீடு போயிருமேன்னு சொன்னேங்க." துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கிளாக்கர் எழுதிய தாளில் குறுக்காக ஒரு கோடு போட்டார், மனுவை அப்படியே விட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் அவள், "ஒரேயடியா ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டீங்களேக்கா" என்றாள்.

"அடி கூறுகெட்டவளே! உன் நாட்டைக் குடுத்து எனக்கு வீடு வாங்கித் தரப் பார்த்தியா? பிள்ளைக்காரிக்கு இப்படியா புத்தி போகும்?" ரோட்டில் நின்று அவளைத் திட்டினேன். பதினொரு நாள் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. திட்டிக்கொண்டே அழுதேன். அவளை பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து, பாத்திரங்களைச் சாக்கில் போட ஆரம்பித்தேன்.

சாயந்தரம் ஐயா பின்பக்கம் வந்து நின்றார். "சாமானைக் கட்டிட்டேங்க" என்றேன்.

"ஏன் கட்டுறீர்? மற்றவையளெல்லாம் உம்மட சொந்தக்காரர் எண்டு நீர் சொன்னீர், நான் நம்பினனான். அதை நீர் இண்டைக்கும் மாத்திச் சொல்லேல்லை." போகத் திரும்பியவர் நின்று சொன்னார். "ஆனால் அந்தப் பொம்பிளை இனி இந்த வளவுக்குள்ள வரப்படாது. அவள் உமக்கு ஒண்டுமில்லை எண்டு நீர் சத்தியம் பண்ணினது. என்ர வாயாலதான் துரைக்குச் சொன்னனான்."

வீடு தப்பியது. சாக்கை அவிழ்த்தேன். அடுத்த கிழமையே தெமோதரையிலிருந்து இரண்டு புதுத் தம்பிகள் வந்தார்கள். முன்பின் பார்த்திராதவர்களெல்லாம் என் கூடத்தில் காலை நீட்டிக்கொண்டு "அக்கா, அக்கா" என்றார்கள். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே எரிச்சலாக வந்தது.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு மத்தியானம் படலைக்கு வெளியே அவள் நின்றாள். கையில் பத்திரம், இடுப்பில் பிள்ளை. உள்ளே வராமல் ரோட்டில் நின்றபடியே தூக்கிக் காட்டிச் சிரித்தாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். பஸ் நிற்கிற இடத்து டீக்கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்தக் காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிள்ளை பணிஸ் ரொட்டியைத் தின்றுகொண்டே என்னைப் பார்த்து, "இவங்க யாரும்மா?" என்றது.

"பெரியம்மா" என்றாள் அவள், சாதாரணமாக.

"பெரியம்மா, உங்க வீடு எங்க?"

"கிட்டத்தான்" என்றேன்.

"அப்ப வாங்க போவோம்" என்று அது இறங்கி என் விரலைப் பிடித்தது. தாய், "வேணாம்டி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. போனால் போகட்டும், இந்த வீடு இல்லாவிட்டால் இன்னொரு வீடு. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறு என்று நடந்தேன். அவள் "அக்கா, அக்கா, வேணாம்க்கா" என்று பின்னால் ஓடி வந்தாள்.

ஐயா விறாந்தையில் இருந்தார். எழுந்து படிக்கு வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, பிள்ளையிடம் குனிந்தார். "நீங்கள் ஆரிட்ட வந்தனீங்கள்?"

"பெரியம்மாகிட்ட" என்றது பிள்ளை.

அவர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். "மழை வரப்போகுது, பிள்ளையை உள்ளுக்குக் கொண்டு போம்" என்றார் என்னிடம். தாயின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு என் பின்னாலேயே உள்ளே வந்தாள்.